முன் ரத்தம்

செய்த தப்புக்கு ஒருவன் நிஜமாகவே வருந்துகிறானா என்பதை ரத்தத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று ஆன பிறகு, சிறைச்சாலைகளில் அழுகைக்கு மவுசு குறைந்துவிட்டது. முன்பெல்லாம் விடுதலை வாரியத்தின் முன் நின்று தேம்பத் தெரிந்தவர்கள் பாதித் தண்டனையிலேயே வீடு போய்ச் சேர்ந்தார்கள். அழ வராத முரட்டு ஆட்கள் முழுசாக இருந்து கழித்தார்கள். இந்த அநியாயத்தைப் போக்கத்தான் உளவருத்த அளவீட்டுச் சட்டம் வந்தது. கைதிகள் அதற்கு வைத்த பெயர் ஊசி. "ஊசி பாஸா?" என்பதுதான் அங்கே குசலம் விசாரிக்கிற முறை. ஒருவருக்கு மூன்று தடவைக்கு மேல் ஊசி கிடையாது.

அந்த ரத்தத்தைப் பிரித்து எடை போடுகிறவள் ஜெமிமா. ஒரகடம் தொழிற்பேட்டையில் டயர் கிடங்குக்கும் பிஸ்கட் கம்பெனிக்கும் நடுவில் வாரியத்தின் ஆய்வகம் இருந்தது. காற்றைப் பொறுத்து ஒரு நாள் ரப்பர் நாற்றம், ஒரு நாள் வெண்ணெய் வாசனை. ஜெமிமாவுக்குச் சொந்த ஊர் நாசரேத். ஓர் இடத்தில் உட்காராத பிறவி. கருவி ஒரு மாதிரியை ஓட்டி முடிக்கிற நேரத்தில் அவள் வராந்தாவை அளந்துவிட்டு வருவாள். அவள் நாற்காலியை அப்படியே கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம், உட்கார்ந்த தடமே இல்லை என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள்.

எதிரே டீக்கடையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நேற்றிலிருந்து காத்திருப்பதாக ஒரு காலையில் காவலாளி வந்து சொன்னார். கைதிகளின் சொந்தக்காரர்களை ஆய்வக ஆட்கள் சந்திக்கக் கூடாது, அது விதி. டீ குடிக்கத்தானே போகிறோம் என்று ஜெமிமா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

அந்தப் பெண்ணின் பெயர் செல்வமதி. சங்கரன்கோவில் பக்கம். அவள் வாயைத் திறந்ததுமே ஜெமிமாவுக்கு ஊர் மண்ணை மிதித்த மாதிரி இருந்தது.

"எங்கப்பா பேரு செண்பகராமன். ரெண்டு தடவ ஊசி போட்டாச்சுக்கா. ரெண்டு தடவையும் வருத்தமே இல்லன்னு எழுதிட்டிய. அவுக ரத்தத்துல அப்படி என்னத்தத்தான் தேடுதிய?"

இடுப்பிலிருந்த குழந்தை ஜெமிமாவின் அடையாள அட்டைக் கயிற்றைப் பிடித்து இழுத்தது. அவள் அதை விடுவிக்கவில்லை.

"சுகர், உப்புன்னு பாக்காவல்லா? அந்த மாதிரி சின்னச் சின்னச் சரக்கு ரத்தத்துல ஆயிரக்கணக்குல ஓடுது. பயந்தா சிலது கூடும், பசிச்சா சிலது கூடும். வருத்தப்பட்டா நாப்பது சொச்சம் சேர்ந்து ஒரு தினுசாக் கூடும். ரத்தத்தத் தெளிய வச்சு ஒரு மெல்லிசான குழாய்க்குள்ள தள்ளிவிடுவோம். சிலது ஒட்டாம ஓடி வந்துரும், சிலது ஒட்டிக்கிட்டு மெதுவா வரும். அப்படிப் பிரிஞ்சு வாரத இன்னொரு மிஷின் ஒண்ணொண்ணா நிறுத்துப் பாக்கும்."

"அதுல வருத்தம் எங்க இருக்கு?"

"ரெண்டு தடவ எடுப்போம். வந்து உக்காந்ததும் ஒண்ணு, அது முன் ரத்தம். பொறவு கேஸ் கட்ட வாசிச்சுக் காட்டுவாவ. யார, எதால, எப்படி அடிச்சன்னு எல்லாம். கொஞ்ச நேரம் விட்டு எடுக்கது பின் ரத்தம். பின்னதுலருந்து முன்னதக் கழிச்சா மிச்சம் நிக்கதுதான் வருத்தம்."

"எங்கப்பாவுக்கு எவ்வளவு நிக்கி?"

"ஒண்ணும் நிக்கலம்மா."

செல்வமதி டீயைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு நிறுத்தாமல் பேசினாள். அப்பாவும் பேச்சிமுத்துவும் சேர்ந்து லாரி ஓட்டியவர்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே ஒட்டிப் பிறந்த மாதிரி. ஒரு சாயங்காலம் குடித்துவிட்டு, எதற்கு என்று இரண்டு பேருக்குமே தெரியாத ஒரு சண்டை. ஜாக்கி ராடு அப்பா கையில் கிடைத்தது. அடித்தவரே அதே லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்திருக்கிறார். போய்ச் சேரும்போது பேச்சிமுத்து இல்லை. இன்றைக்கும் சிறையில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டுத்தான் உட்காருகிறாராம், வார்டர் சொன்னதாகச் சொன்னாள். அடுத்த ஊசிதான் கடைசி. அதுவும் போனால் ஆயுள் முழுக்க உள்ளேதான்.

ஜெமிமா திரும்பி வந்தபோது அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கையுறையைப் போட்டாள், கழற்றினாள். வராந்தாவில் நடந்தாள். கடைசியில், யாரும் பார்க்காத ஒன்றைத் திறந்து பார்த்தாள். செண்பகராமனின் முன் ரத்தம், கழிப்பதற்கு முந்தைய நிலையில்.

அதை ஏன் யாரும் பார்ப்பதில்லை என்றால், இந்தத் தொழிலின் புத்தி அப்படி. எந்த மாதிரியை ஓட்டுவதற்கு முன்னும் ஒரு வெற்றுக் குப்பியை ஓட்டுவார்கள். அதில் தெரிவதெல்லாம் பாட்டில் அழுக்கு, கரைப்பான் அழுக்கு, நம் கை அழுக்கு. அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்க்க வேண்டும் என்பது முதல் நாள் பாடம். இந்தச் சோதனையை வடிவமைத்தவர்களும் அதே கையோடு முன் ரத்தத்தைக் கழித்துவிட்டார்கள். கணினி கழித்ததை மட்டும்தான் காட்டும். வேண்டுமென்றே தோண்டினால்தான் முன் ரத்தம் தெரியும்.

தோண்டினாள். தெரிந்ததும் நின்றுகொண்டே இருந்தாள். மற்றவர்கள் கேஸ் கட்டைக் கேட்டு உடைந்து அழுத பிறகு காட்டுகிற அளவு, செண்பகராமனிடம் நாற்காலியில் வந்து உட்காரும்போதே இருந்தது. இரண்டு தடவையும் அப்படித்தான். வாசித்த பிறகு மேலே ஏற இடமில்லை. அந்த மனிதன் காலையில் பல் தேய்க்கும்போதும் அதே துக்கத்தில்தான் இருந்திருக்கிறான். அதை இவர்கள் அழுக்கு என்று கழித்திருக்கிறார்கள். கழித்தது ஜெமிமாவின் கைதான்.

மறுநாளே வாரியத் தலைவர் திருவேங்கடநாதன் முன்னால் போய் நின்றாள். ஓய்வுபெற்ற நீதிபதி. காபியை ஆற்றி ஆற்றிப் பச்சைத் தண்ணீராக்கிவிட்டுக் குடிப்பவர். வரைபடங்களை அவர் பொறுமையாகப் பார்த்தார். புரியாமல் இல்லை, நன்றாகவே புரிந்தது. அதுதான் சங்கடம்.

"இந்தக் கழித்தல் தப்புன்னு இன்னிக்கு ஒத்துக்கிட்டா, உள்ளே நிறுத்தினவங்க கேஸ் கட்டை மட்டுமா பிரிக்கணும்? வெளியே விட்டவங்க கட்டையும் பிரிக்கணும். கேட்டா மட்டும் வருத்தப்படறவங்களைத்தான் நாம விட்டிருக்கோம்னு ஆகும்."

"ஆமா சார். அப்படித்தான் ஆகும்."

"ஆகட்டுமே, அதுல என்ன தப்பு? நாள் பூரா அதையே நினைச்சிட்டிருக்கறவன் வெளியே போய் என்னம்மா பண்ணுவான்? பிழைச்சுக் கிடக்கணும்னா கொஞ்சமாவது மறக்கத் தெரியணும்."

ஜெமிமா வரைபடங்களைச் சுருட்டினாள். கோபம் கோபமாக வந்தது. கதவு வரை போனவளை அவரே கூப்பிட்டார். முன் ரத்தம் எடுக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, அதற்கு முன்னால் கைதி என்ன செய்துகொண்டிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை என்றார். அளவு இறங்கினால்தானே ஏறுவது தெரியும் என்று சொல்லிவிட்டுக் காபியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஜெமிமாவுக்கு அப்போது அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது. பின்னால் அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கூசியது.

மூன்றாவது ஊசி அன்று, ஜெமிமா சொல்லி அனுப்பியபடி செல்வமதி குழந்தையோடு சிறைக்கு வந்தாள். பார்வையாளர் அறைக்குப் பக்கத்தில் தலைவரின் அனுமதியோடு ஒரு சின்ன அறையைக் கேட்டு வாங்கி, ஜெமிமாவே ஒரு ஜமுக்காளம் விரித்திருந்தாள். செண்பகராமன் நெடுநெடுவென்று உயரம், நரைத்த மீசை. பேரனை அவர் அதுவரை பார்த்ததில்லை. பார்க்க மாட்டேன் என்று அவர்தான் சொல்லி வைத்திருந்தார். ஊசிக்கு என்று அழைத்து வந்த அறைக்குள் அவனைக் கண்டதும் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். மகள் பேசியதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

குழந்தைக்கு இதெல்லாம் தெரியுமா? புதிதாகத் தவழக் கற்றுக்கொண்ட தெம்பில் அது நேரே அவரிடம் போனது. முழங்காலைப் பிடித்து எழுந்து நின்று மீசையை ஒரு இழுப்பு இழுத்தது. அவர் முகத்தைத் திருப்பினார். அது அந்தப் பக்கம் வந்து இழுத்தது. மூன்றாம் தடவை அவர் "ஏலே" என்றார். அது கெக்கலி கொட்டிச் சிரித்தது. அதன் பிறகு அவர் கை தொடைக்கடியிலிருந்து எப்போது வெளியே வந்தது என்று யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் லாரி ஹாரன் மாதிரி வாயால் ஊதிக்கொண்டு, பேரனை வயிற்றில் படுக்க வைத்து, ஜமுக்காளத்தில் புரண்டுகொண்டிருந்தார். வார்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். செல்வமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செவிலியர் ஜோதிமணி முன் ரத்தம் எடுத்தாள். குழந்தையை வெளியே கொண்டுபோனார்கள். அதிகாரி கேஸ் கட்டை வாசித்தார், பிறகு பின் ரத்தமும் எடுத்தாயிற்று.

முன் ரத்தத்தின் கோடு திரையில் வந்தபோது ஜெமிமா கையைத் தட்டியேவிட்டாள். தரையோடு தரையாக இறங்கியிருந்தது. சாதாரண மனிதனின் ரத்தம். ஒரு சந்தோஷமான தாத்தாவின் ரத்தம். பின் ரத்தம் ஓடுகிற நேரம் அவள் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தாள். வந்து பார்த்தாள். அதுவும் தரையோடுதான் இருந்தது.

குப்பி மாறிவிட்டதோ என்று பார்த்தாள், மாறவில்லை. மறுபடி ஓட்டினாள், அதேதான். கேஸ் கட்டை வாசித்தபோது அவர் அதைக் கேட்கவே இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. காதில் விழுந்திருக்கும், உள்ளே போயிருக்காது. உள்ளே வேறொன்று நிரம்பிக் கிடந்தது. பின்னதில் முன்னதைக் கழித்தால் மறுபடியும் ஒன்றும் நிற்காது. இந்தத் தடவை கழிக்காமல் பார்த்தாலும் ஒன்றும் இல்லை. இந்த ஊசியில் அவருக்கு இருந்த ஒரே ஆதாரத்தையும் அவளே அழித்து வைத்திருந்தாள்.

அறிக்கை கொடுக்க ஒரு வாரம் இருந்தது. அந்த வாரத்தில் அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. ஃப்ரீசரில் அவருடைய பழைய பின் ரத்தம் மிச்சம் இருந்தது, துக்கம் ததும்பத் ததும்ப. புதிய முன் ரத்தத்தையும் பழைய பின் ரத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினால் ஊரே மெச்சுகிற மாதிரி வித்தியாசம் வரும். இரண்டும் அவர் ரத்தம்தானே, இதில் பொய் எங்கே இருக்கிறது? இப்படி ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டாள். குப்பிக்கான ஒட்டுச்சீட்டைக் கூட எழுதிவிட்டாள். ஆனால் ஒரு மனுஷனின் ரத்தத்தை அவனுக்குத் தெரியாமல் மாற்றி வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. சொல்லிவிட்டுச் செய்வோம் என்று சிறைக்குப் போனாள்.

கம்பிக்கு அந்தப் பக்கம் செண்பகராமன் பேரனோடு புரண்ட அன்றைக்குப் பார்த்த அதே முகமலர்ச்சியோடு வந்தார். பேரன் எப்படி இருக்கிறான் என்றுதான் முதலில் கேட்டார். அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"அண்ணாச்சி, வாசிச்ச பொறவும் ஏறல."

"ஏறலன்னா?"

"வருத்தம் ஏறல. அன்னைக்கு ஒங்க ரத்தத்துல அது இல்லவே இல்ல."

அவர் சிரித்த முகம் அப்படியே நின்றது. பழைய ரத்தத்தை வைத்து அவள் செய்யப் போவதைச் சொல்லிக்கொண்டே போனாள். அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

"பேச்சிமுத்து பேர வாசிச்சாவளா?"

"வாசிச்சாவ."

"எனக்குக் கேக்கலயே." கம்பியைப் பிடித்துக்கொண்டார். "மண்ட ஒடஞ்சு கெடந்தத வாசிக்காவ, நான் பேரன் பல்ல நெனச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். அவன் பேரு கூட எனக்குக் கேக்கல. அவனுக்கு இருக்கது நான் ஒருத்தன்தான் தாயி. பொண்டாட்டி பிள்ள இல்லாதவன். நானும் விட்டுட்டேன்னா அவன் எங்க போவான்?"

குப்பியை மாற்ற வேண்டாம் என்றார். மிஷின் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்றார். பிறகு நெற்றியைக் கம்பியில் முட்டிக்கொண்டார். மெதுவாகத்தான் முட்டினார், ஆனால் நிறுத்தவில்லை. வார்டர் ஓடி வந்தார்.

ஜெமிமாவின் தொழில் புத்தி அந்த நேரத்திலும் வேலை செய்தது. இந்த நிமிஷம் இவர் உடம்பில் என்ன ஏறிக்கொண்டிருக்கிறது என்று உலகத்திலேயே அவளுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். சிறை மருத்துவமனைக்கு ஓடினாள். ஜோதிமணி, உத்தரவு இல்லாமல் ஊசி குத்த முடியாது, எதற்கு என்று எழுத வேண்டும் என்றாள். மயக்கம் வந்திருக்கிறது, சுகர் பார்க்க என்று எழுதிக்கொள் என்றாள் ஜெமிமா. ஜோதிமணி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அந்த ரத்தத்தை ஓட்டியபோது கோடு திரையின் உச்சிக்குப் போய் மொட்டையாக நின்றது. அளவு மீறிவிட்டது, கருவியைச் சோதிக்கவும் என்று சிவப்பு எழுத்து வந்தது. கருவிக்கு ஒன்றும் இல்லை. அதைப் பத்தில் ஒன்றாக நீர்க்க வைத்து மறுபடி ஓட்டினாள். அந்த ஆய்வகத்தில் அதுவரை யார் ரத்தத்திலும் பார்க்காத உயரம்.

இந்தத் தடவை எதையும் மறைக்காமல் அறிக்கை எழுதினாள். பின் ரத்தம் எப்போது எடுத்தது என்று கேட்கிற இடத்தில், கேஸ் கட்டு வாசித்த பிறகு அல்ல, வருந்தவில்லை என்ற முடிவைச் சொன்ன பிறகு என்று எழுதினாள். குப்பையில் போடுவார்கள் என்று நினைத்தாள். இரண்டாம் நாள் திருவேங்கடநாதனே கூப்பிட்டார். குரலில் ஒரு உற்சாகம்.

"குற்றவாளிக்கு அவன் தவறை எடுத்துச் சொன்ன பிறகுன்னுதான் சட்டத்துல இருக்கு. எந்தத் தவறுன்னு இல்லை. மறந்ததும் ஒரு தவறுதானே? நான் ஒத்துக்கறேன்."

செண்பகராமனுக்கு விடுதலை கிடைத்தது. அன்று ஜெமிமா வருஷக்கணக்கில் முதல் தடவையாகத் தன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஆய்வகத்தில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தாள்.

சுற்றறிக்கை வர இரண்டு மாதம் ஆனது. கழித்தல் முறை அப்படியே தொடரும். அதில் தவறியவர்களுக்குக் கருணை அடிப்படையில் இன்னொரு வாய்ப்பு. முதலில் குடும்பத்தாருடன் மகிழ்ச்சியாக ஒரு மணி நேரம். பிறகு முன் ரத்தம். பிறகு, அந்த ஒரு மணி நேரமும் தன்னால் செத்தவரைக் கைதி நினைக்கவே இல்லை என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். பிறகு பின் ரத்தம். இதற்கு ஜெமிமா முறை என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்தது மரியாதைக்காகத்தான் என்று தலைவர் தனியாகவும் எழுதியிருந்தார்.

சிறையில் அந்தச் சின்ன அறைக்கு மஞ்சள் வர்ணம் அடித்திருந்தார்கள். ஜமுக்காளம் போய்ப் பஞ்சு விரிப்பு வந்திருந்தது. ஒரு கூடை நிறையப் பொம்மைகள். முதல் கைதியாக வந்தவர் இளவயசுக்காரர். அவர் பெண் குழந்தை, அப்பாவின் தலைக்கு ஒரு பிளாஸ்டிக் கிரீடத்தை வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஜெமிமா நின்றிருந்தாள். அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவள் அவள்தான். வேறு யாருக்கும் இன்னும் பயிற்சி கொடுக்கவில்லை.

அப்போது போன் அடித்தது. செல்வமதி.

"அக்கா, அப்பா வந்ததுலருந்து பிள்ளையத் தொடவே மாட்டேங்காவ. அவன் தவழ்ந்து கிட்ட போனா எந்திரிச்சு வெளிய போயிருதாவ. நேத்து அவன் சிரிக்கான், இவுக காதப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்காவ. அன்னைக்கு ஜெயில்ல அப்படிப் புரண்டு வெளையாண்ட மனுசன். அதுக்குப் பொறவு என்னக்கா நடந்துச்சு?"

பிறகு கூப்பிடுகிறேன் என்று ஜெமிமா வைத்துவிட்டாள். உள்ளே அந்த ஆள் கிரீடத்தோடு யானை மாதிரி நடந்து காட்டினார். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. ஜோதிமணி ஊசியோடு கதவருகே வந்து நின்றாள்.

"எடுக்கலாமா மேடம்?"

"இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும்" என்றாள் ஜெமிமா.

பாவம், சிரிக்கட்டும் என்பதற்காகச் சொன்னாளா, நேரம் கூடக் கூட அளவு இன்னும் இறங்கும் என்பதற்காகச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை.